ஃபேன் போட்டோ

எனக்கும் கேமராவுக்கும் ஆகவே ஆகாது. இதை நான் சொல்லவில்லை, எங்கள் குடும்பமே சொல்கிறது. நான் எடுத்த படத்தில் மாமியாருக்குத் தலை இருக்காது. தலை இருந்தால் கண் மூடியிருக்கும். நாத்தனார் கல்யாணத்தில் மாப்பிள்ளை மேடைக்கு வந்த நேரம் பார்த்து நான் எடுத்தது பந்தல்காரரின் ஏணியை. அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் நான் போனைத் தூக்கினால் போதும், "மாஜிதா, நீ போய் பந்தியைக் கவனி" என்று அனுப்பிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் இவர் அந்த வேலையைக் கொடுத்தார். இவர் என்றால் என் மாப்பிள்ளை சுஹைப், எங்கள் மகள் அதீபாவின் வாப்பா. ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். குத்துக்கல்வலசையில் நாங்கள் கட்டிய வீடு ஒருவழியாக முடிந்து, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுவதாக இருந்தது. வெயில் காலத்தில் அங்கே ஏ.சி. மெக்கானிக் லீவு என்று வாயைத் திறக்க முடியாது. நாளைத் தள்ளலாம் என்றால், தென்காசியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டை விடுவதாக ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஆக, அவர் வியர்வை சிந்திக் கட்டிய வீட்டில் அவர் கால் படுவதற்கு முன்னால் ஊரே கால் வைக்கப்போகிறது.

"வீடியோக்காரன் வேண்டாம்ட்டி. நீயே ஒன் போன்ல எடு. நீ எடுத்தாத்தான் எனக்குப் பாத்த மாதிரி இருக்கும்" என்றார்.

செலவை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் எனக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது. இந்த ஒரு தடவையாவது தலையை வெட்டாமல், கை ஆடாமல், வாசல் நிலையிலிருந்து மாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் அழகாக எடுத்து அவர் கண்முன்னே நிறுத்த வேண்டும். அவர் அந்த வீட்டைப் பார்க்கப்போவது என் போன் வழியாக மட்டும்தான். அதைக் கோட்டைவிட்டால் என்னை நானே மன்னிக்கமாட்டேன்.

வியாழக்கிழமை காலையில் ஒத்திகை பார்த்தேன். வாடகை வீட்டு வாசலிலிருந்து வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு மெதுவாக நடந்தேன். அடுப்படியைத் தொடுவதற்குள் போன் நின்றுவிட்டது. சேமிப்பிடம் நிரம்பிவிட்டதாம். ஒரு வீட்டின் பாதிகூட உள்ளே போகவில்லை.

மாடியில் ஜெஸி இருக்கிறாள். வீட்டுக்காரர் நல்லதம்பி அண்ணாச்சியின் மருமகள். சனிக்கிழமைதோறும் பாத்திரம் விளக்குவதுபோல் போனையும் துப்புரவு செய்கிறவள். அவளைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்து, செட்டிங்ஸுக்குள் போய், ஸ்டோரேஜைத் தொட்டாள். கலர் கலராக ஒரு பட்டை வந்தது.

"இங்கன பாருங்கக்கா. இது சிஸ்டம். இது போன் தனக்குன்னு எடுத்துக்கிட்ட எடம், இதுல நம்ம கை வைக்க முடியாது. இது ஆப்பு. இது வாட்ஸப்பு. இந்தா நீளமா கெடக்குல்லா, இது பூரா போட்டோவும் வீடியோவும். ஊசி குத்த எடமில்லாம வச்சிருக்கீக."

"நான் எங்க வச்சேன்? அதுவா வந்து சேருது."

முதலில் ஆப்புகளைக் கழித்தோம். நான் பார்த்தே இராத கடைகளின் ஆப்பெல்லாம் உள்ளே குடியிருந்தது. கேக் அடுக்குகிற விளையாட்டு ஒன்று ஏகப்பட்ட இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுக்கலாம் என்று ஜெஸி சொன்னதும், ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த அதீபா நிமிர்ந்து, "அதை அழிச்சா நான் புது வீட்டுக்கு வரமாட்டேன்" என்றாள். நாலாம் வகுப்புதான் படிக்கிறாள், பேச்சு வக்கீலைப் போல. கேக்கை விட்டுவிட்டோம்.

"இது யாருக்கா?" என்றாள் ஜெஸி நடுவில். கை தவறி தொலைபேசி எண்கள் இருக்கிற பக்கத்தைத் திறந்திருந்தாள். "கேம்ப் பாஸ், மெஸ் குட்டி, பட்டான் டிரைவர்... இவங்களையெல்லாம் ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இவுக அங்கயிருந்து போனைக் கொண்டுவந்தப்பவே உள்ள கெடந்துச்சு. கூடவே வரும்போல."

ஜெஸி புருவத்தைச் சுருக்கினாள். ஏதோ கேட்க வந்தவள், அடுத்து வாட்ஸப் திறந்துகொண்டதும் அதில் மூழ்கிவிட்டாள். அன்றைக்கு அவள் கேட்க வந்ததைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வாட்ஸப்பில் பாதி இடத்தை ஆண்டுகொண்டிருந்தவர் இவருடைய தாய்மாமா பீர் மைதீன். வெள்ளிக்கிழமைதோறும் ஒரே ரோஜாப்பூவில் ஜும்மா முபாரக் போடுவார். குடும்பத்துக்கென்று மூன்று குரூப் இருக்கிறது. மூன்றிலும் போடுவார். பிறகு தனியாக எனக்கும் அனுப்புவார்.

"இதை அழிச்சா பாவமில்லையா?" என்று கேட்டேன்.

"வாழ்த்து ஒங்களுக்கு வந்து சேந்துட்டுல்லா? ரோசாப்பூவைத்தான அழிக்கோம்" என்றாள் ஜெஸி. ரோஜாத் தோட்டம் முழுவதும் ஒரே தட்டலில் போயிற்று.

அடுத்து சாரல் வீடியோக்கள். ஆனி பிறந்துவிட்டால் இவருக்கு அங்கே இருப்புக்கொள்ளாது. தினமும் கேள்விதான்: சாரல் விழுதா? மலை தெரியுதா, மூடிக்கெடக்கா? மெயினருவியில தண்ணி எப்படி? நான் தெரு முனைக்குப் போய், மேற்கே திரும்பி, மலையை எடுத்து அனுப்புவேன். குற்றாலத்துக்குப் போனால் அருவியை எடுப்பேன். அதிலும் பாதி முன்னால் நிற்கிறவரின் முதுகுதான்.

"போன வருசத்துத் தண்ணியை வச்சு என்ன செய்யப்போறீக? இந்த வருசத்துத் தண்ணி விழுதுல்லா?" என்று கேட்டுக்கொண்டே ஜெஸி அதையும் அழித்தாள். மாடியில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போகும்போது படியில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்: "மிச்ச போட்டோவை நீங்களே பாத்து, வேண்டாததைக் கழிச்சிருங்க. அழிச்சாலும் குப்பைத்தொட்டில போய் கெடக்கும். அதையும் காலி பண்ணுனாத்தான் எடம் வரும்."

கேலரியைத் திறந்தேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. என் போனில் ஓரத்துப் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் கேமரா தானாகத் திறக்கும். மேல் பட்டனில் விரல் பட்டால் படமும் எடுத்துவிடும். நானோ ஒரு கையில் பையும் ஒரு கையில் பிள்ளையுமாக நடக்கிறவள். அப்படி எடுத்த படங்கள் ஒன்றா இரண்டா? என் கட்டைவிரல், செக்கச்செவேலென்று. காய்கறிப் பைக்குள் கிடக்கிற கத்திரிக்காய். தோசைக்கல்லின் ஓரம். கழுவாத டம்ளர். அதீபாவின் முழங்காலும் அதிலிருந்த பிளாஸ்திரியும். மாடிப்படி, சாய்ந்து. கதவுக்குப் பின்னால் தொங்குகிற என் பர்தா. எல்லாவற்றையும்விட அதிகம் படுக்கையறை ஃபேன்தான். கட்டிலில் படுத்துக்கொண்டு போன் பார்ப்பேன், தூக்கம் சொக்கும், போன் நெஞ்சில் விழும், அது பாட்டுக்கு ஃபேனை எடுத்துவைக்கும். ஓடுகிற ஃபேன், நிற்கிற ஃபேன், கரண்ட் போன ஃபேன்.

நல்ல படங்களை மட்டும் நிறுத்திக்கொண்டேன். பெருநாள் படம், பிறந்தநாள் படம், வரிசையாக நின்று சிரிக்கிற படம். மற்றதையெல்லாம் குறியிட்டு அழித்தேன். குப்பைத்தொட்டியைத் திறந்தேன். நிரந்தரமாக நீக்கவா என்று போன் கேட்டது. கேட்பானேன்? ஆமாம் என்றேன். பட்டையில் பாதிக்குமேல் வெள்ளையாகத் தெரிந்தது. வீடு முழுக்க ஒட்டடை அடித்து முடித்த மாதிரி ஒரு நிம்மதி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்ததும் இவர் கூப்பிட்டார். சலாம் சொன்ன குரலே சரியில்லை.

"ஏட்டி, ஒன் போன் எங்கயும் தொலைஞ்சு போச்சா?"

"போன் இல்லாமயா ஒங்ககூட பேசுதேன்?"

"இல்ல... என் போன்ல ஒன் போட்டோ ஒண்ணையும் காணோம். காலைல பாக்கேன், பெருநாள் போட்டோ மட்டும் நிக்கி. யாரோ உள்ள பூந்துட்டான் போல."

எனக்கு முதலில் புரியவில்லை. "என் போட்டோ ஒங்க போன்ல எப்படி இருக்கும்?"

அப்புறம் சொன்னார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் போனை வாங்கியபோது எனக்கென்று தனியாக மெயில் ஒன்றும் கிடையாது. அதனால் தன்னுடைய மெயிலையே அதில் போட்டு என் கையில் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து நான் எடுக்கிற படமெல்லாம் அதுவாகவே இணையத்தில் மேலே ஏறி, அங்கே அவர் போனில் போய் இறங்கியிருக்கிறது. கேம்ப் பாஸும் மெஸ் குட்டியும் எப்படி என் போனுக்குள் வந்தார்கள் என்று இப்போது விளங்கியது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ரெண்டு வருசமா? ரெண்டு வருசமா என் போனை வேவு பாத்துக்கிட்டா இருந்தீக? வாயே தொறக்கல?"

மனசுக்குள் ஒவ்வொன்றாக ஓடிற்று. தலையில் மருதாணியை அப்பிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று எடுத்த படம். உடம்பைக் குறைக்கிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டு, ஜெஸியோடு பிரானூரில் போய்த் தின்ற பரோட்டா, அதன்மேல் ஊற்றிய நாட்டுக்கோழிக் குழம்பு. நகைக்கடையில் கையில் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்த வளையல்.

"பரோட்டாவைப் பாத்தீகளா?"

"பாத்தேன். நாலு."

"மூணுதான்! ஒண்ணு ஜெஸிக்கு."

அவர் சிரிக்கவில்லை. எப்போதும் இந்த இடத்தில் சிரித்திருப்பார். "அது கெடக்கட்டும். போட்டோ எப்படிப் போச்சு?" என்றார்.

"நான்தான் அழிச்சேன். வீடு குடிபோறதை எடுக்க எடம் வேண்டாமா? எல்லாம் குப்பைங்க. ஃபேனும் வெரலும் கத்திரிக்காயும். நல்ல போட்டோ ஒண்ணையும் தொடல."



"அந்த ஃபேனைப் பாத்துட்டுத்தாம்ட்டி படுப்பேன்" என்றார்.

நான் ஏதோ கேலி செய்ய வாயெடுத்தேன். ஏ.சி. மெக்கானிக் ஃபேன் படத்தைப் பார்த்துத் தூங்குகிறாரா என்று கேட்கலாம் என்றுதான். அதற்குள் அவரே பேசத் தொடங்கினார்.

"நீங்க எல்லாம் வரிசையா நின்னு எடுத்து அனுப்புவீகள்லா, அதுவும் நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுல நீங்க எனக்கு முன்னால வந்து நிக்கீக. என்னையவே பாக்கீக. விருந்தாளியைப் பாக்குத மாதிரி. இதுல அப்படியில்ல. டம்ளர் கழுவாமக் கெடக்கும். பிள்ளை கால்ல பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். கட்டில்ல படுத்து மேல பாத்தா எப்படித் தெரியுமோ அப்படியே ஃபேன் தெரியும். இதுல நான் வீட்டுக்குள்ள இருக்கேன். டூட்டி முடிஞ்சு வந்து, இன்னைக்கு என்ன வந்திருக்குன்னு பாப்பேன். மேல போட்டோ ஏறுத எடம் நெறைஞ்சு போச்சுன்னு மாசம் காசு கட்டி இன்னும் கொஞ்சம் எடம் வாங்கி வச்சிருக்கேன். குத்துக்கல்வலசையில வாங்குன மாதிரி."

"சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"சொன்னா நீ டம்ளரைக் கழுவி வச்சிட்டு எடுப்ப."

அது சத்தியமான பேச்சு. நிச்சயம் கழுவிவைத்திருப்பேன். கத்திரிக்காயையும் சொத்தை பார்த்து அடுக்கிவைத்திருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு கோபமும் வந்தது.

"அப்ப ஒங்க போட்டோ ஏன் என் போனுக்கு வரல? ஒரே மெயில்தான?"

"அதை நான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"ஏன்?"

"இங்க என்ன இருக்கு பாக்குறதுக்கு?" என்றார். இஸ்திரி போட்ட சட்டையோடு நீரூற்று முன்னால் நிற்கிற படம் மாதத்துக்கு ஒன்று அனுப்புவார். அது மட்டும்தான் எனக்குத் தெரிந்த ஷார்ஜா. "சரி விடுட்டி. போனது போச்சு. ஞாயித்துக்கெழமை நல்லபடியா எடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

விடுவேனா? மாடிக்கு ஓடினேன். ஜெஸி எல்லா வழியிலும் தேடினாள். "தொட்டியையும் காலி பண்ணிட்டீகளேக்கா" என்று அவளும் கண்கலங்கினாள். இன்னொரு பட்டனைக் காட்டினாள். இடத்தைக் காலியாக்கு என்று அதில் எழுதியிருந்தது. அதை அழுத்தியிருந்தால் என் போனிலிருந்து மட்டும் போயிருக்குமாம், மேலே இருப்பது அப்படியே கிடந்திருக்குமாம். மெயில் ஒன்றுதான் என்று தெரிந்திருந்தால் அவள் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போன் ரிப்பேர் பார்க்கிற கடைக்கும் போனோம். கடைக்காரர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

சனிக்கிழமை சாமான் கட்டினோம். அறையில் கட்டில் மட்டும் மிஞ்சியதும் அதில் போய்ப் படுத்தேன், இவர் படுக்கிற சுவரோரம். மேலே அந்த ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஒரு இறக்கை கீழே வளைந்திருக்கும். போன லீவில் அதீபாவின் பிறந்தநாளுக்கு பலூன் கட்டுகிறேன் என்று அதில் தொங்கி வளைத்தது இவர்தான். அன்றிலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். போனை நேராகப் பிடித்து, ஃபேனை நட்டநடுவில் நிறுத்தி, ஒரு படம் எடுத்தேன். நல்ல படம். அது தானாகவே போய்ச் சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் இவரிடமிருந்து பதில் வந்தது: "நல்லாருக்கு. பாத்து எடுத்திருக்க."

பார்த்து எடுத்ததுதான் குற்றம் என்று எனக்குப் புரிந்தது. அதோடு, நாளைக்கு இந்த ஃபேனுக்குக் கீழே வேறு யாரோ படுக்கப்போகிறார்கள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. கட்டில் எங்களுடையது, ஃபேன் வீட்டுக்காரருடையது.

நல்லதம்பி அண்ணாச்சி வராந்தாவில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"அண்ணாச்சி, புது வீட்டுக்கு வாங்குன ஃபேன் ஒண்ணு பெட்டி பிரிக்காம இருக்கு. அதை இங்கன மாட்டிக்கிடுங்க. பெட்ரூம்ல கெடக்குத பழசை நான் கொண்டு போறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அது இறக்கை கோணிக்கெடக்கே. நான் மாத்தணும்னு இருந்தேன்."

"அதான் வேணும்."

"புது வீட்டுக்கா? அந்தக் கடகட வண்டியையா? ஏம்மா, ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

மாடிப்படியில் நின்றிருந்த ஜெஸி, "மாமா, சும்மா குடுங்க" என்றாள். அவள் சொன்ன தோரணையில் அவர் சரி என்றுவிட்டார்.

எலெக்ட்ரீசியன் இசக்கிமணி அன்றைக்குச் சாயங்காலமே அதைக் கழற்றிக் குத்துக்கல்வலசைக்குக் கொண்டுபோய், படுக்கையறையில் மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் டக், டக் என்றது.

"இந்த இறக்கையை நிமித்திட்டா சத்தம் நிக்கும். நிமித்தட்டா?" என்று ஏணியிலிருந்து கேட்டார்.

"அதுல மட்டும் கை வச்சீக..." என்றேன். மனிதர் மளமளவென்று இறங்கிவிட்டார்.

இவரிடம் இதைப்பற்றி மூச்சுவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கச் சாரல். குர்ஆனையும் உப்பு, அரிசி, தண்ணீரையும் முன்னால் கொண்டுபோக, பின்னால் நாங்கள் நுழைந்தோம். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து ஓதினார். பால் பொங்கிற்று. எல்லாவற்றையும் எடுத்தேன். கை ஆடவில்லை. ஒரு தலையும் வெட்டுப்படவில்லை. பீர் மைதீன் மாமா தன் போனில் இவருக்கு நேரலையாக எல்லாம் காட்டுகிறேன் என்று கிளம்பி, கேமராவைத் திருப்பத் தெரியாமல், கடைசிவரைக்கும் தன் தாடியையே காட்டிக்கொண்டிருந்தார். நல்லவேளை, நான் இருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் விசேஷம் வைத்தால் வருகிறவர்களில் பாதிப்பேர் குற்றாலத்தை மனசில் வைத்துத்தான் வருவார்கள். நெய்ச்சோற்றுப் பந்தி முடிந்ததுதான் தாமதம், "மெயினருவியில நல்லா விழுதாம்" என்று யாரோ ஆரம்பித்தார்கள். பீர் மைதீன் மாமாவின் பைக்குள்ளிருந்து துண்டும் எண்ணெய்க் குப்பியும் வெளியே வந்தன. வேன் வந்தது. அதீபாவும் ஏறிக்கொண்டாள். சாமானை எடுத்துவைக்க வேண்டும் என்று சொல்லி நான் மட்டும் நின்றுவிட்டேன்.

வீடியோக்களை இவருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு, "ஜோரா இருக்கு. எல்லாரும் நல்லா நிக்காக. தொட்டி வரைக்கும் எடுத்திருக்க, சந்தோசம்ட்டி" என்று பேசி அனுப்பியிருந்தார். சந்தோஷம்தான். குரலில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் விருந்துக்குப் போய்விட்டு வந்தவர் விருந்தைப் புகழ்கிற மாதிரி இருந்தது.

படுக்கையறையில் கட்டில் இன்னும் பூட்டவில்லை. மெத்தை தரையில் கிடந்தது. பகல் முழுக்க நின்ற கால் வலி. சுவிட்சைப் போட்டுவிட்டு மெத்தையில் சரிந்தேன். ஜன்னலில் மலை தெரியவில்லை, மேகம் இறங்கியிருந்தது. டக், டக். அந்தச் சத்தம் கேட்டதும்தான் அது என் வீடு என்று எனக்கே தோன்றியது. போன் நெஞ்சில் கிடந்தது. எதையாவது எடுத்து அனுப்பலாமா என்று நினைத்தேன். வேண்டாம், பார்த்து எடுத்ததாகத்தான் வரும் என்று விட்டுவிட்டேன். ஓரத்துப் பட்டனில் கை இருந்தது. அவ்வளவுதான் ஞாபகம்.

கண்விழித்தபோது சாயங்காலத்து அசர் தொழுகைக்கு பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேன் இன்னும் திரும்பவில்லை. கேலரியைத் திறந்தேன். நான் தூங்கப்போன நேரத்தில் ஒரு படம் விழுந்திருந்தது. ஃபேனில் பாதி, என் விரலின் நிழல் கொஞ்சம், புதுச்சுவரின் வெள்ளை. கோணல் இறக்கை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அது தானாக மேலே ஏறி, அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

அதற்குக் கீழே இன்னொரு படம் இருந்தது. நான் எடுக்காத படம்.

ஒரு பலகை. கண்ணுக்கு மிக அருகில், பழுப்பு நிறத்தில், ஆணியடித்த பலகை. அதில் யாரோ ஏதோ ஒரு பாஷையில் பேனாவால் கிறுக்கியிருந்தார்கள். எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. இரட்டை அடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டில் படுத்து மேலே பார்த்தால் தெரிகிற பலகை அது. தினமும் அந்தப் பலகைக்குக் கீழே படுத்துக்கொண்டுதான் என் ஃபேனைப் பார்த்திருக்கிறார்.

நிறுத்தி வைத்ததைத் திறந்துவிட்டிருக்கிறார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. செய்தித்தாள்மேல் கழற்றிவைத்த பூட்ஸ். ஜன்னலில் காயப்போட்ட பனியன். தட்டில் பாதி பருப்பும் சோறும். ஆடிப்போன பஸ் ஜன்னல். அவருடைய கட்டைவிரல், நகத்தில் கிரீஸோடு. ஒன்றிலும் நீரூற்று இல்லை, இஸ்திரி போட்ட சட்டை இல்லை. நான் அழுதேன், சிரித்தேன், திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். அந்தக் கட்டைவிரல் ரேகையை எனக்குத் தெரியும். எத்தனை வருஷம் என் கையைப் பிடித்த விரல்.

போனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. திரையின் மேலே ஒரு அறிவிப்பு வந்து நின்றது. மங்கலான படங்கள் சில இருக்கின்றன, அவற்றை நீக்கி இடத்தைக் காலியாக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டது. வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு, மெத்தையில் சுவரோரம் அவருக்கு இடம் விட்டுப் படுத்துக்கொண்டேன்.